முன்வரவு

லில்லிபுஷ்பத்தின் வங்கிக் கணக்கில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வந்து விழுந்தபோது அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் மாட்டியிருந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தவள் வாயில் நுரையோடு சற்று நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு கொப்பளித்துத் துப்பிவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டாள்.

எஸ்தர்மணி இட்லிப் பானையை இறக்கிவைத்துவிட்டு வந்து தொகையை வாசித்தாள். வாசித்த மாத்திரத்தில் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

பணம் வந்ததற்கு அழுவார்களா என்று கேட்பவர்களுக்கு முன்வரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகை ஒரு காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் தேதி என்பார்கள், பதினெட்டாம் தேதி வரும். இடையில் விடுமுறை விழுந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் மருந்து தீர்ந்திருக்கும், நாற்காலியின் டயர் தேய்ந்து நூல் தெரியும், யாரிடமாவது கை நீட்டியிருப்பார்கள். தேவை வந்து போன பிறகு பணம் எதற்கு, தேவைக்கு முன்னாலேயே போகட்டுமே என்று யாரோ ஒரு நல்ல மனிதர் நினைத்தார். அப்படிப் பிறந்ததுதான் முன்வரவுத் திட்டம். சக்கர நாற்காலிக்குள் இருக்கும் உணரி, விரலில் போடும் மோதிரம், மருந்துக்கடைச் சீட்டு, மருத்துவமனைப் பதிவு, வானிலை, வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒரு இயந்திரம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கு என்ன செலவு வரப்போகிறது என்று அது கணிக்கும். கணித்த நாளுக்கு அதிகபட்சம் ஒன்பது நாள் முன்னதாகப் பணம் கணக்கில் ஏறிவிடும்.

முதலில் எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். லில்லிக்கு எண்ணூறு ரூபாய் வரும், நாலாம் நாள் டயர் வெடிக்கும். மூவாயிரம் வரும், ஒரு வாரத்தில் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலடிக்கும். பணம் தயாராக இருக்கும். ஆனால் நாளடைவில் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் தொகையைப் பார்த்தே சேதி படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சின்னத் தொகை என்றால் மருந்து, பெரிய தொகை என்றால் ஆஸ்பத்திரி. போன வருடம் துறைமுகச் சாலையில் டீக்கடை வைத்திருந்த, ஒரு கை விளங்காத கருத்தப்பாண்டிக்கு ஒரு காலைப் பொழுதில் தொண்ணூறாயிரம் வந்தது. மறுநாளே பால்காரர் கடனுக்குப் பால் தர மறுத்தார். மகளைப் பெண் கேட்டிருந்தவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார்கள். டீ குடிக்கிறவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். ஏழாம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இயந்திரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று ஊர் தலையாட்டிக்கொண்டது.

லில்லிக்கு வந்தது அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால்தான் எஸ்தர் அழுதாள்.

லில்லிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வயதில் மாவட்டப் பெண்கள் அணிக்காகக் கபடி ஆடியபோது நாலு பேர் அவள்மேல் சரிந்து முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆறு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவள், கோட்டுக்கு உள்ளே போக முடியாவிட்டால் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன் என்று மைக்கைப் பிடித்தாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் எங்கே கபடி நடந்தாலும் வர்ணனை அவள்தான். பிடிபட்டவனே சிரித்துக்கொண்டு வெளியேறும்படி பேசுவாள். பணம் வந்த நாளிலிருந்து எட்டாம் நாள் மாலை கடலோரக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடக்கவிருந்தது. அதற்கும் அவளைத்தான் பேசியிருந்தார்கள்.

எஸ்தரின் அழுகை அடங்கியதும் வேலைகள் மளமளவென்று நடந்தன. அவள் முதலில் இசக்கிராஜனைக் கூப்பிட்டு அக்காவின் நாற்காலியில் இருந்த பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோகச் சொன்னாள். இசக்கிராஜன் சக்கர நாற்காலி மெக்கானிக். லில்லியின் நாற்காலியைப் பதினோரு வருடமாக அவன்தான் பார்த்துக்கொள்கிறான். லில்லி அவனை முறைத்துப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே கழற்றினான். லில்லியைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஒன்பது நாள் முடியும்வரை அவள் அதிலிருந்து இறங்கக்கூடாது என்று தீர்மானமாயிற்று.

சேதி தெருவுக்குப் போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் நண்டுக் குழம்பு, பால் பணியாரம், சாளை மீன் வறுவல், ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் எல்லாம் வந்து சேர்ந்தன. குழாயடிச் சண்டையில் நாலு வருடமாகப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரி கோழிக் குழம்போடு வந்து, தப்பு தன்மேல்தான் என்று ஒத்துக்கொண்டாள். லில்லிக்கு அது பிடித்திருந்தது. "இது தெரிஞ்சிருந்தா போன வருஷமே பணம் வந்துட்டுன்னு புரளி கெளப்பியிருப்பேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல் அடி. இருபது வருடத்தில் அவள் பேச்சுக்கு ஒரு கூட்டம் சிரிக்காமல் இருந்தது அன்றுதான்.

எஸ்தர் மீன் ஏற்றுமதி செய்யும் குளிர்கிடங்கில் வேலை பார்த்தாள். அவள் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ளத் தெருப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் லில்லி தன் வழுக்குப் பலகையைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே போட்டு, கைகளை ஊன்றி, அரை நிமிடத்தில் மாறிக்கொள்வாள். இப்போது அது கூடாது என்றுவிட்டார்கள். நாலு பெண்கள் வந்து தூக்கினார்கள். எப்படித் தூக்க வேண்டும் என்பதில் நாலு பேருக்கும் நாலு அபிப்பிராயம் இருந்தது.

இரண்டாம் நாள் போட்டி நடத்தும் பட்டுராஜன் ஆப்பிள் பையோடு வந்தார். உடம்பை விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இறுதி ஆட்டத்துக்கு ஒரு குரல் இயந்திரம் வாடகைக்கு எடுத்தாயிற்றாம். கேமராவைப் பார்த்துத் தானே வர்ணனை சொல்லுமாம்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன், லில்லி. மைக்கப் பிடிச்சிருக்கும்போது உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"வீட்டுல வச்சு ஆனா பரவாயில்லயா அண்ணாச்சி?"

பட்டுராஜன் ஆப்பிள் பையைக் கட்டிலோரம் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். எழுந்து போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து லில்லிக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ரஹ்மத்துன்னிசா வந்தார். காயல்பட்டினத்துக்காரர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். பெரிய தொகை போன வீடுகளுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். அவருக்கும் முன்வரவு உண்டு என்பதால் இரண்டு பக்கமும் தெரிந்தவர். நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்து, தேநீரை வாங்கிக்கொண்டார்.

காரணம் உங்களுக்காவது தெரியுமா என்று எஸ்தர் கேட்டாள்.

"தெரியாதும்மா. எங்களுக்கும் பூட்டுத்தான். ஒன்பது நாள் கழிஞ்ச பிறகு அக்கா நேர்ல வந்து கைரேகை வெச்சா திறக்கும். அப்போ யாரும் வர்றதில்ல. அதுக்குள்ள என்ன நடக்கணுமோ நடந்து முடிஞ்சிருக்கும்."

"ஏன் பூட்டி வச்சிருக்கிய?" என்றாள் லில்லி.

"முன்னெல்லாம் காரணத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினோம். ஒரு பிள்ளைக்கு வலிப்பு வரும்னு பணம் போச்சு. வலிப்பு வர்றதுக்கு முன்னாலயே பள்ளிக்கூடத்துல அவளை நிறுத்திட்டாங்க. காரணம் தெரிஞ்சா ஆளை ஒதுக்குறாங்கன்னு பூட்டு போட்டோம்."

"இப்போ தொகையப் பாத்தே ஒதுக்குதாவ."

ரஹ்மத்துன்னிசா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "உண்மைதான்" என்றார். பிறகு, ஒரு வழி இருக்கிறது என்றார். பணத்தைத் திருப்பி அனுப்பலாம். இயந்திரம் அப்போது முதலிலிருந்து மறுபடியும் கணிக்கும். ஆபத்து விலகியிருந்தால் பணம் வராது. மூன்று நாளாகக் கட்டிலை விட்டு இறங்காமல் பத்திரமாக இருக்கிறாளே, ஒருவேளை விலகியிருக்கலாம்.

எஸ்தர் உடனே அனுப்பச் சொன்னாள். லில்லி பொத்தானை அழுத்தினாள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போயிற்று. எஸ்தர் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி மக்ரூனை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். ரஹ்மத்துன்னிசா இரண்டாவது மக்ரூனைக் கடிக்கும்போது லில்லியின் கைப்பேசி அதிர்ந்தது. பணம் திரும்ப வந்திருந்தது. கூடவே பதினைந்தாயிரம் அதிகமாக.

அந்த அறையில் லில்லி மட்டும்தான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நாட்கள் நீளமாகிவிட்டன. தெருப் பெண்கள் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். குளிர்கிடங்கில் எஸ்தருக்கு மேலாளர் தானாகவே விடுப்பு தருகிறேன் என்றாராம். அதைச் சொல்லிவிட்டு எஸ்தர் சமையலறையில் நின்று அழுதாள். லில்லிக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இருக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒருமுறை அதை அருகில் பார்த்தாயிற்று. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நாளாகத் தள்ளுவதுதான் தாங்கவில்லை. இதற்குமுன் இப்படிக் கிடந்தது அந்த ஆறு மாதம்தான். அதிலிருந்து எழுந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் ஒரு மரியாதை உண்டு.

எட்டாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு எஸ்தர் வேலைக்குக் கிளம்பினாள். ஆறரைக்கு இரண்டு பெண்கள் வந்து குளியலறைக்குத் தூக்கிப் போவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் மைதானத்து ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கியது.

"மணப்பாடு அணியின் ஏழாம் எண் வீரர் எதிரணிப் பகுதிக்குள் நுழைகிறார். அவர் புள்ளி எடுக்கும் வாய்ப்பு நாற்பத்து மூன்று விழுக்காடு."

லில்லி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஏழாம் எண் வீரன் அலெக்ஸ். வெறும் நுரையீரலை நம்பி ஆடுகிறவன். அவனுக்கு விழுக்காடு எதற்கு. அடுத்த ஆட்டக்காரர் உள்ளே போனதும் இயந்திரம் அவருடைய வயது, உயரம், எடை மூன்றையும் வாசித்தது. கூட்டத்திலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. இறுதி ஆட்டத்தில் கூட்டம் சத்தம் போடாமல் இருந்ததை அவள் கேட்டதே இல்லை.

அவள் இசக்கிராஜனைக் கூப்பிட்டாள்.

"பேட்டரிய எடுத்துட்டு வா."

"எஸ்தர் என்னைய வெட்டிப் போட்டுருவா."

"அவ வேலைக்குப் போயாச்சு."

அவன் தணிந்த குரலில் சொன்னான். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, லில்லி. அங்க வச்சு ஏதாவது ஆயிட்டுன்னா?"

"இங்க வச்சு ஆனா உனக்கு நல்லா இருக்குமா? எட்டு நாளா இந்த ஃபேனப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு வரப்போறது எதுவா இருந்தாலும், நான் மைக்கப் பிடிச்சிருக்கும்போது வரட்டும்."

இசக்கிராஜன் பத்து நிமிடத்தில் வந்தான். பேட்டரியை மாட்டினான். தூக்கிவிடட்டுமா என்று கேட்டவனை லில்லி ஒரு பார்வை பார்த்தாள். பலகையைப் போட்டு, கைகளை ஊன்றி, அரை நிமிடத்தில் நாற்காலிக்கு மாறினாள். எட்டு நாளில் முதல்முறையாக அவள் உடம்பு அவள் கையில் இருந்தது. அதற்காகவே அழலாம் போலிருந்தது, ஆனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

மைதானத்தின் ஓரத்தில் அவளைப் பார்த்ததும் முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அது பின்வரிசைவரை போயிற்று. பட்டுராஜன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். அப்போது இயந்திரம், கோட்டருகே விழுந்து கிடந்த நடுவரை "அடையாளம் தெரியாத வீரர்" என்றது. பட்டுராஜன் ஓடிப்போய் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு மைக்கை லில்லியிடம் கொண்டுவந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் லில்லி. "ஒரு வாரமா கோழியும் நண்டுமா தின்னு மூச்சு கொஞ்சம் திணறுது. பொறுத்துக்கிடுங்க. நம்ம அலெக்ஸ் தம்பி பாடி வாராரு. ஏய்யா தம்பி, கோட்டுல என்ன கோலமா போடுத? உள்ள போ. அவுங்க கடிக்க மாட்டாவ, கட்டித்தான் பிடிப்பாவ."

கூட்டம் சிரித்தது. அலெக்ஸும் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே மூச்சை விட்டு, பிடிபட்டான். வெளியே வரும்போது லில்லியைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போன இரண்டு பெண்களும் காலிக் கட்டிலைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் அவள் குரலைக் கேட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எஸ்தருக்கு யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். கிடங்கின் ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தாள். அக்காவைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அவள் பேசுவதைக் கேட்டுச் சிரித்து, சிரித்துக்கொண்டே அழுது, கடைசியில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் ஒரே புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. தோற்ற மணப்பாட்டுக்காரர்கள்தான் லில்லியை நாற்காலியோடு தூக்கிச் சுற்றினார்கள்.

ஆட்டம் பார்க்க வந்தவர்களில் தென்கடல் கபடி லீக் நடத்தும் ஒரு பெண்ணும் இருந்தார். கன்னியாகுமரியிலிருந்து நாகப்பட்டினம்வரை பதின்மூன்று ஊர், நாலு மாதம் ஆட்டம். இயந்திரக் குரலை வைத்துப் பார்த்தோம், கூட்டம் பாதியாகிவிட்டது என்றார். வர்ணனைக்கு வர முடியுமா, பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். லில்லி யோசிப்பதற்குள் இசக்கிராஜன் முடியும் என்றான். ஒரு பழைய வேனை வாங்கிச் சாய்தளம் வைத்து, நாற்காலியைப் பூட்ட ஏற்பாடு செய்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மறுநாள் காலை அவன் விலை விசாரித்து வந்தான். எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகும் போலிருந்தது.

ஒன்பதாம் நாளும் கழிந்தது. லில்லிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

தெருவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பணம் வேனுக்கு வந்திருக்கிறது. தேவை என்றால் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம், நல்ல காரியத்துக்கும் பணம் தேவைதானே என்று பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் விளக்கினாள். தனக்கு அன்றைக்கே தெரியும் என்று பட்டுராஜன் சொல்லித் திரிந்தார். குளிர்கிடங்கு மேலாளர், விடுப்பு கொடுக்க வந்ததற்காக எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டார்.

லீக் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் லில்லி ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு புதிதாக வாங்கிய அந்தப் பழைய வேனில், ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொண்டு ரஹ்மத்துன்னிசாவைப் பார்க்கப் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள். போன இடத்தில், வந்ததுதான் வந்தோம், காரணத்தையும் கேட்டுவிடுவோமே என்று தோன்றியது. வேன் என்று எழுதியிருப்பதைத் தன் காதால் கேட்க ஆசை. விரலை வைத்தாள். ரஹ்மத்துன்னிசாவின் மேசையிலிருந்த கருவி வாசித்தது.

"இடது இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை. இடம், வீட்டுக் குளியலறை வாசல். காலம், எட்டாம் நாள் மாலை ஆறரை முதல் ஏழு வரை. காரணம், பெருந்தொகை வரவால் வீட்டாருக்கு ஏற்படும் பதற்றம், பழக்கமில்லாதவர்கள் தூக்குதல்."

லில்லி கருவியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க" என்றாள் லில்லி. அது வாசித்தது.

"பணம் வந்ததுனாலதான் நான் விழணும்னு இருந்திருக்கு. விழுறதுக்குத்தான் பணம் வந்திருக்கு. அப்படித்தான?"

"அப்படித்தான்" என்றார் ரஹ்மத்துன்னிசா. "பணம் போனா வீட்ல என்ன செய்வாங்கன்றதையும் சேர்த்தே அது கணக்குப் போடுது. மூணாம் நாள் திருப்பி அனுப்பினோமே, அப்போ நீங்க கட்டிலோட கட்டிலா, எதுக்கும் நாலு பேர் தூக்குற மாதிரி ஆயிருந்தீங்க. அதான் கூடப் பதினைஞ்சாயிரம்."

"அப்போ அனுப்பாம இருந்திருக்கலாமே."

"அந்தக் கேள்விய அதுகிட்ட யாரும் கேக்கல, அம்மா. பணம் அனுப்புறதுதான் அதுக்குக் கொடுத்த வேலை. அது ஒழுங்கா செய்யுது."

லில்லிக்குக் கருத்தப்பாண்டியின் நினைவு வந்தது. திரும்பும் வழியில் அவர் வீட்டில் வேனை நிறுத்தச் சொன்னாள். பேச்சு குழறினாலும் அவர் தேறியிருந்தார். அந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்டாள். கடைக்கு ஒருத்தரும் வரவில்லை, ராத்திரி தூக்கம் கிடையாது, மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று துண்டு துண்டாகச் சொன்னார். அவருடைய காரணத்தையும் திறந்து பார்க்கலாம் என்று லில்லி சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அவர் மகளின் கல்யாணத்துக்குத் தான் வந்து மைக் பிடிப்பதாகச் சொன்னாள். அவர் கோணிய வாயால் சிரித்தார்.

ரஹ்மத்துன்னிசா தலைமை அலுவலகத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கருத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அவர் இரண்டாவது கடிதம் எழுதினார், பிறகு மூன்றாவது. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஊருக்கு உண்மையைச் சொல்வதா என்று அவரும் லில்லியும் போனில் இரண்டு நாள் பேசினார்கள். சொன்னால் மறுபடியும் பதறுவார்கள். பதறினால் மறுபடியும் விழுவார்கள். சொல்லாவிட்டால், நிஜமாகவே ஆபத்து வருகிற ஒருவருக்கு யார் எச்சரிக்கை செய்வது. கடைசியில் லில்லி இசக்கிராஜனிடம் மட்டும் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

வேலை சீக்கிரமே வந்தது. லீக்கின் இரண்டாவது வாரம், லில்லி ஊரில் இருந்த ஒரு காலையில், பரிசுத்தம் அண்ணாச்சி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், ஒரு கால் இல்லாதவர், தனியாக இருப்பவர். கையில் லட்டுப் பெட்டி இருந்தது.

"லட்சத்துப் பத்தாயிரம் வந்திருக்கு, லில்லி. என்ன நல்லது நடக்கப் போவுதுன்னு ஒரே யோசனையா இருக்கு."

லில்லியின் கையிலிருந்த லட்டு உதிர்ந்தது. இசக்கிராஜனைப் பார்த்தாள். அவன் ஏற்கனவே கருவிப் பையை எடுத்துக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் தன்னால தெரியும், அண்ணாச்சி. வீட்டுலயே உக்காந்துருந்தா எப்படி நடக்கும்? நாளைக்கு ராமேஸ்வரம் போறோம், அங்கருந்து தொண்டி. வேன்ல எடம் இருக்கு, கெளம்பி வாங்க. புள்ளி எழுத எனக்கு ஒரு ஆளு வேணும். வீட்டுச் சாவிய இசக்கிட்ட குடுத்துருங்க, கோழிக்குத் தீவனம் போடுவான்."

ஒன்பது நாளும் பரிசுத்தம் அவர்களோடு சுற்றினார். கடற்கரைகளில் மீன் வறுவல் தின்றார், புள்ளி எழுதினார், தொண்டியில் ஒரு நடுவரோடு சண்டை போட்டு ஜெயித்தார். ஏதாவது நல்லது வருகிறதா என்று தினமும் காலையில் கைப்பேசியைப் பார்த்தார். ஊரில் இசக்கிராஜன் அவர் வீட்டுப் பின்படியில் பாசி பிடித்திருந்ததைச் சுரண்டி, உடைந்த படியைப் பூசி, கைப்பிடி பொருத்தினான். குளியலறைத் தரையை மாற்றினான். மின்கம்பி ஒன்று உரிந்திருந்ததையும் மாற்றினான். வேறென்ன என்று யோசித்து வீட்டை மூன்று முறை சுற்றிவந்து, சமையல் எரிவாயுக் குழாயையும் புதிதாக மாட்டினான்.

பத்தாம் நாள் வேன் திரும்பி வந்தது. பரிசுத்தம் இறங்கி, கன்னம் வெயிலில் கறுத்து, வயிறு நிறைந்து, தன் வீட்டு வாசலில் நின்றார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"பாத்தியா லில்லி, ஒம்பது நாளும் போயிட்டு. ஒண்ணுமே நடக்கல."

இசக்கிராஜன் சிமெண்ட் காய்ந்திருந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் லில்லி. "ஒண்ணுமே நடக்கல."